125-ஆ, 250-ஆ? டூ ஸ்ட்ரோக் இழுவையின் கணக்கு

கேள்வி:

நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். பிறையில் தொழிற்சாலை வேலை. அப்பா வைத்திருந்த யமஹா ஆர்எக்ஸ்-இசட் வண்டியைத்தான் லைசென்ஸ் எடுத்த நாள் முதல் ஓட்டிவருகிறேன். டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்கும் புகைக்கும் வீட்டில் எல்லாரும் பழகிவிட்டார்கள். சில மாதங்களாக, கூட வேலை செய்யும் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் ஒரு மண் தடத்துக்குப் போய்வருகிறேன். அவர்களிடம் மூன்று மோட்டோகிராஸ் வண்டிகள்: யமஹா ஒய்இசட் 125, கேடிஎம் 125 எஸ்எக்ஸ், யமஹா ஒய்இசட் 250. மூன்றையும் எனக்கு ஓட்டக் கொடுத்தார்கள்.

125 சின்ன வண்டிதானே என்று பயமில்லாமல் ஏறினேன். முதலில் உயிரே இல்லை. என் ஆர்எக்ஸ்-இசட்டே தேவலை என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், பின்னால் யாரோ உதைத்த மாதிரி பாய்ந்தது. வேலியில் போய் நின்றேன். கேடிஎம்மும் அதே கதைதான், ஆனால் பாய்ச்சல் இன்னும் தாமதமாக வந்து, வந்த பிறகு நீண்ட நேரம் நின்றது. 250-ஐத் தொடவே பயந்தேன். அதுவோ அடியிலிருந்தே சீராக இழுத்தது. இரண்டு சுற்றுக்குப் பிறகு கைதான் வலித்தது.

என் கேள்விகள்: சின்ன வண்டி முரடாகவும் பெரிய வண்டி சாதுவாகவும் இருப்பது எப்படி? ஒரே சிசி உள்ள இரண்டு 125-உம் ஏன் வேறு மாதிரி இழுக்கின்றன? பழைய வண்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்கலாம்? காசை மிச்சம் பிடித்து, ஆர்எக்ஸ்-இசட் பிளாக்கையே போர்ட்டிங் செய்து மண்ணில் ஓட்டினால் என்ன?

ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்:

தம்பி, உங்கள் கைக்குப் பட்டது சரிதான். மண் தடத்தில் பல வருடம் ஓட்டியவர்களும் அதையேதான் சொல்வார்கள். குழப்பத்துக்குக் காரணம் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் குதிரைசக்தி. அது இன்ஜின் தன் உச்சத்தில், ஒரே ஒரு ஆர்பிஎம்மில் தருவது. அந்த உச்சத்துக்கு ஏறும் வழி சரிவா, செங்குத்தா, தாண்டிய பிறகு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி உச்சத்துக்குக் கீழேதான் கழிகிறது.

ஒரு நல்ல 125 மோட்டோகிராஸ் இன்ஜின் 11,000 ஆர்பிஎம் பக்கத்தில் ஏறத்தாழ 35 குதிரைசக்தி தரும். 250 இன்ஜின் 8,500 பக்கத்தில் 45-க்குக் கொஞ்சம் மேல். பத்துப் பன்னிரண்டு குதிரைதான் வித்தியாசம். ஆனால் குதிரைசக்தி என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வரும் கணக்கு. பிரித்துப் பாருங்கள்: உச்சத்தில் 125-இன் முறுக்குவிசை 22, 23 நியூட்டன் மீட்டர், 250-க்கு 38, 39. பின்சக்கரத்தைத் திருப்புவது இந்த முறுக்குவிசைதான். 250 அதைக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. 125 தன் பற்றாக்குறையை வேகமாகச் சுற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். அப்படிச் சுற்றுவதற்காகவே அமைத்த இன்ஜினுக்குக் கீழே உயிர் இருக்காது.

ஏன் இருக்காது என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி திறந்து மூடும் வால்வ் கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள், பிஸ்டனே கதவு. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸோஸ் போர்ட் திறக்கும், பிறகு புதுக்கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள். மேலே ஏறும்போது முதலில் டிரான்ஸ்ஃபர் மூடும், கடைசியில்தான் எக்ஸோஸ். ஆக, புதுக்கலவை உள்ளே வந்த பிறகும் வெளிவாசல் திறந்தே கிடக்கிறது. வந்தது அந்த வாசல் வழியே ஓடாமல் யார் தடுப்பது? எக்ஸோஸ் பைப்தான். நடுவில் வயிறு பருத்து, முன்னும் பின்னும் கூம்பாக ஒடுங்கும் அந்தப் பைப்பின் வடிவம் அழகுக்காக வந்ததில்லை. போர்ட் திறந்ததும் வெளியே பாயும் அழுத்த அலை, விரியும் கூம்பைத் தொடும்போது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைத் துப்புரவாக்குகிறது. பின்கூம்பில் மோதிய பகுதி தள்ளும் அலையாகத் திரும்பி, தப்பி ஓடிய புதுக்கலவையை மறுபடி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அந்தத் திணிப்பு முடிகிற கணத்தில் பிஸ்டன் வாசலை மூட வேண்டும்.

இங்கேதான் கணக்கு. எக்ஸோஸ் போர்ட் ஒரு சுற்றில் ஏறத்தாழ 195 டிகிரி திறந்திருக்கிறது என்று வையுங்கள். 11,000 ஆர்பிஎம்மில் அது ஒரு வினாடியின் ஆயிரத்தில் 3 பங்கு. 5,500-இல் அதே போர்ட் 6 பங்கு நேரம் திறந்திருக்கும். ஆனால் பைப்பின் நீளம் மாறாது. சூடான புகையில் அலை வினாடிக்கு 500 மீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓடுகிறது. பின்கூம்பு முக்கால் மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப எப்போதும் அதே 3 பங்குதான் ஆகும். 11,000-இல் அலை கச்சிதமாக வந்து சேரும். 5,500-இல் பாதி நேரத்திலேயே வந்து, வேலையைக் கெடுத்துவிட்டுப் போய்விடும். ஊஞ்சலைத் தள்ளும் கை நேரம் தவறினால் ஆட்டம் கூடுவதற்குப் பதில் குறைவது மாதிரி. உங்களைப் பின்னாலிருந்து உதைத்தது, அலையும் பிஸ்டனும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்த அந்தக் கணம். நம் பையன்கள் பவர்பேண்ட் என்று சொல்வது இதைத்தான்.

இந்த வித்தையைக் கரைகண்டவர் வால்டர் காடன் என்ற ஜெர்மானியர். போர்க்காலத்தில் பேனமுண்டே ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்தவர், பிறகு கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் பந்தயப் பிரிவைக் கவனித்தார். பணமும் நல்ல உலோகமும் தட்டுப்பாடாக இருந்த அந்த இடத்தில், அலைகளைக் கணக்கிட்டுப் பைப் செய்தே 1961-இல் 125 சிசி இன்ஜினில் 25 குதிரைசக்தி எடுத்துவிட்டார். லிட்டருக்கு 200 குதிரை. அதற்கு முன் டர்போ இல்லாத எந்த இன்ஜினும் தொடாத எல்லை. அதே வருடம் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்கு நாடுகளின் பக்கம் போனார். அடுத்த வருடம் 1962-இல் சுஸுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டமும் வாங்கினார். காடனின் ரகசியம் ஜப்பானுக்குப் போனது இப்படித்தான். உங்கள் அப்பாவின் ஆர்எக்ஸ்-இசட்டில் தொங்கும் பைப்பும் அந்த வம்சம்.

இப்போது ஆர்எக்ஸ்-இசட்டுக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுகிறீர்கள். பினாங்குப் பாலம் திறந்த அதே 1985-இல் வந்த வண்டி. 2011 வரை நம் நாட்டில் விற்றது. 133 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின், 20 குதிரையை ஒட்டிய சக்தி. சாலைக்காகச் செய்த இன்ஜின் என்பதால் போர்ட்டின் உயரம் அடக்கமானது. வாசல் குறைந்த நேரமே திறந்திருக்கும். கீழே கலவை வீணாவது குறைவு, எனவே சிக்னலில் நின்று கிளம்பினாலும் இழுக்கும். உச்சம் சீக்கிரம் வந்துவிடும். தமிழ்நாட்டில் உறவுக்காரர்கள் இருந்தால் ஆர்எக்ஸ் 100 பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள், கேட்டிருப்பீர்கள். 1985 முதல் 1996 வரை விற்ற அந்த வண்டிக்கு 98 சிசி, வெறும் 11 குதிரை. எடை குறைவு, இழுவை 7,500-க்குள்ளேயே கைக்கு வந்துவிடும். அதனால்தான் 11 குதிரையைப் பற்றி இன்றைக்கும் காவியம் பாடுகிறார்கள்.

அதே இந்தியாவில் 1983-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் ஆர்டி 350-ஐ இறக்கியது. ஒரே வண்டி, இரண்டு வகை: ஹை டார்க் ஏறத்தாழ 30 குதிரை, லோ டார்க் 27. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதற்காகச் சுரத்தைக் குறைத்தது இரண்டாவது வகை. தாளில் வித்தியாசம் மூன்று குதிரைதான். ஆனாலும் ஓட்டியவர்கள் முதல் வகையைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள், இன்றைக்கும் தேடுகிறார்கள்.

அந்த 1983-இல்தான் யமஹா உலகச் சந்தைக்கு ஒய்பிவிஎஸ் பொருத்திய ஆர்டி 350-ஐக் கொண்டுவந்தது. பவர் வால்வ் என்று நாம் சொல்லும் சமாசாரம் இது. எக்ஸோஸ் போர்ட்டின் மேல்விளிம்பில் ஒரு உருளையோ கத்தியோ இருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அது இறங்கி வாசலின் உயரத்தைக் குறைக்கும். எக்ஸோஸ் தாமதமாகத் திறக்கும், சீக்கிரம் மூடும், அமுக்கம் கூடும். ஆர்பிஎம் ஏறியதும் மேலே தூக்கிக்கொள்ளும், முழு வாசலும் திறக்கும். ஒரே இன்ஜினுக்குள் இரண்டு இன்ஜின் என்று சொல்லலாம். கவாசாகி அதற்கு கிப்ஸ் என்று பெயர் வைத்தது. ஹோண்டா ஆரம்பத்தில் வேறு வழியில் போய், பைப்போடு ஒரு பக்க அறையைத் திறந்து மூடி அலையின் நேரத்தை மாற்றியது. இன்றைய 125, 250 மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக் எல்லாவற்றிலும் பவர் வால்வ் உண்டு. பெரும்பாலும் சுழலும் குண்டுகளும் ஒரு ஸ்பிரிங்கும் அதைத் தூக்கும். 2023 முதல் கேடிஎம்மின் புதிய எஸ்எக்ஸ் வண்டிகளில் மின்மோட்டார் தூக்குகிறது, கார்பரேட்டருக்குப் பதில் ஊசி வழிப் பெட்ரோல்.

பவர் வால்வ் இருந்தும் 125 ஏன் கீழே செத்துக்கிடந்தது என்று கேட்பீர்கள். வால்வ் எக்ஸோஸ் வாசலை மட்டும் சரிசெய்யும். டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் உயரம், பைப்பின் நீளம், கார்பரேட்டரின் 38 மில்லிமீட்டர் வாய் எல்லாம் 11,000-க்காக வைத்தவை. ஆர்எக்ஸ்-இசட் அளவு சிசியில், அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி எடுக்க வேண்டுமென்றால் எங்காவது கொடுத்தாக வேண்டும். கொடுத்தது கீழ்ப்பகுதியில்.

இனி உங்கள் நண்பர்களின் மூன்று வண்டிகள்.

ஒய்இசட் 125-உம் கேடிஎம் 125 எஸ்எக்ஸும் போர், ஸ்ட்ரோக் அளவில் அச்சு அசலாக ஒன்றே: 54 மில்லிமீட்டர், 54.5 மில்லிமீட்டர். வேறுபடுவது போர்ட்டின் நேரமும் பைப்பும் வால்வ் திறக்கும் இடமும். 2005 முதல் 2021 வரையிலான ஒய்இசட் 125 நடுப்பகுதியில் பலமானது. சீக்கிரம் உதைக்கும், சீக்கிரம் மூச்சு விட்டுவிடும். கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கேடிஎம் மேல்பகுதிக்காகச் செய்தது. தாமதமாக எழும், எழுந்தால் உச்சத்தைத் தாண்டியும் ஓடும். நேர்த்தடத்தில் கேடிஎம் முன்னால் போகும், வளைந்து வளைந்து போகும் ஈரத்தடத்தில் யமஹாவுக்கு வேலை எளிது. 2022-இல் யமஹா இந்த இன்ஜினைப் புதிதாகச் செய்து மேலேயும் நீட்டியது. அது பழைய விலைக்குக் கிடைக்காது, விட்டுவிடுங்கள்.

ஒய்இசட் 250 வேறு ஜாதி. போர் 66.4, ஸ்ட்ரோக் 72, நீண்ட ஸ்ட்ரோக். அடிப்படை இன்ஜின் 1999 முதல் பெரிதாக மாறவில்லை, மாற்றத் தேவையும் வரவில்லை. கீழே போதுமான இழுவை, நடுவில் கெட்டியான ஓர் உந்துதல். அந்த உந்துதல் 125-ஐப் போல இல்லாமையிலிருந்து முளைப்பதில்லை, இருப்பதன் மேல் ஏறுகிறது. அதனால்தான் சாதுவாகத் தெரிந்தது. ஆனால் தம்பி, அது சாது இல்லை. உங்கள் கை வலித்ததே, அதுதான் சாட்சி. 125-இல் தவறு செய்தால் பெரும்பாலும் இன்ஜின் அடங்கிப்போகும், வண்டி நின்றுவிடும். 250-இல் மூன்றாவது கியரில் பாதி ஆக்சிலேட்டரைத் தவறான இடத்தில் திறந்தால் வண்டி உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். களைத்துப்போன கடைசிச் சுற்றுகளில் இது நடக்கும்.

சக்தியின் அளவைவிட அது வரும் விதம் முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த பெரிய பாடம் ஒன்று உண்டு. 1991 முதல் 1997 வரை மலேசிய மோட்டார்சைக்கிள் கிராண்ட் ப்ரீ ஷா ஆலமில் நடந்தது. 1992-இல் ஹோண்டா அங்கே கொண்டுவந்த என்எஸ்ஆர் 500 வண்டியில், நான்கு சிலிண்டரும் சுற்றில் சமமாகப் பிரிந்து வெடிப்பதற்குப் பதிலாக, கிட்டத்தட்ட 70 டிகிரிக்குள் நெருக்கமாக வெடித்தன. பிக் பேங் என்று பெயர் வந்தது. குதிரைசக்தி கூடவில்லை. ஆனால் ஒரு தள்ளு, பிறகு நீண்ட ஓய்வு என்று வந்ததால் பின்டயர் ஒவ்வொரு தள்ளுக்கும் நடுவே தரையைப் பிடித்துக்கொண்டது. அதை ஓட்டிய மிக் டூஹன் அந்தப் பருவத்தின் முதல் பந்தயங்களை வரிசையாக வென்றார், ஷா ஆலமும் அதில் ஒன்று. மற்ற கம்பெனிகள் அடித்துப்பிடித்து அதே வழிக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், 1997-இல் அதே டூஹன் பழைய மாதிரிச் சீராக வெடிக்கும் முரட்டு இன்ஜினைக் கேட்டு வாங்கி, 15 பந்தயத்தில் 12 ஜெயித்தார். டயர் எப்போது வழுக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது எமன். எந்த இன்ஜின் நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். யார் கை, எந்த மண் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும்.

உங்கள் மண் எனக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் செம்மண் களிமண்ணாகிச் சோப்பு மாதிரி வழுக்கும், டயர் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் திடீரென்று வரும் சக்தி முழுதும் சக்கரச் சுழலாக வீணாகும். 125-இன் உதை அங்கே பயன்படாது, 250-ஐ ஒரு கியர் கூடுதலாகப் போட்டு மெல்லத் திறந்தால் பயன்படும். வெயில் காலத்தில் காய்ந்து இறுகிய தடத்தில் கதை மாறும். 125-ஐக் கிழித்துக்கொண்டு ஓட்டலாம். 95 கிலோதான் அதன் எடை, 250-ஐவிட 8 கிலோ குறைவு. வளைவில் அந்த எடை பேசும்.

வாங்கும் யோசனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய வண்டியில் நீங்கள் உணரும் இழுவை, கம்பெனி வைத்த இழுவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பவர் வால்வில் கரியும் எண்ணெயும் படிந்து இறுகிப்போவது சாதாரணம். மூடியபடி இறுகினால் வண்டி நடுவோடு நின்றுவிடும், மேலே ஓடாது. திறந்தபடி இறுகினால் கீழே சுத்தமாக உயிர் இருக்காது. உங்கள் நண்பரின் ஒய்இசட் 125 அவ்வளவு செத்துக்கிடந்தது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. சிலிண்டர் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு இன்ஜினை முறுக்கினால், தண்டு திரும்புகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அடுத்து, கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரீட் வால்வ் இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி சிதைந்திருந்தாலோ மூடாமல் விலகி நின்றாலோ ஸ்டார்ட் ஆவதும் கீழ் இழுவையும் கெடும். பைப் நசுங்கியிருந்தால், குறிப்பாக இன்ஜினை ஒட்டிய முன்பகுதியில், அலையின் கணக்கே மாறிவிடும். சைலன்சர் பஞ்சு எண்ணெய் குடித்துக் கனத்திருந்தால் புதிது அடைத்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் பார்க்காமல் காசு கொடுக்கவே வேண்டாம்.

நம் ஊர்க் காற்றும் ஒரு கட்சி. குளிர்நாட்டுக்காக ஜெட் வைத்த கார்பரேட்டரோடு வரும் வண்டிகள் இங்கே பெட்ரோல் கூடுதலாகக் குடித்து, நடுவில் இருமும். 20 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 32 டிகிரி காற்று ஏறத்தாழ 4 விழுக்காடு லேசானது, பினாங்கு ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் லேசாக்கும். மெயின் ஜெட்டை ஓர் அளவு இறக்கினாலே சில வண்டிகள் புதுப்பிறவி எடுக்கும். ஓர் அளவுக்கு மேல் இறக்குவதானால் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். ஆசையில் அதிகம் இறக்கினால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

வாங்கிய பிறகு குணத்தை மாற்றவும் வழி உண்டு. மலிவான வழி பின் ஸ்பிராக்கெட். 125-இல் 48 பல் இருந்தால் 50 ஆக்குங்கள். நான்கு விழுக்காடு மாற்றம்தான். ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் பவர்பேண்டை விட்டு இறங்காமல் இருப்பதற்கு அது போதும். 250-க்கு இதற்கு நேர்மாறான மருந்து வேண்டும்: ஃபிளைவீலில் எடை கூட்டுவது. குதிரைசக்தி ஒன்றும் குறையாது. இன்ஜின் சுருதி ஏறுவது நிதானப்படும், வழுக்கும் மண்ணில் டயர் சுழலாது, மெதுவாகப் போகும்போது இன்ஜின் அணையாது. மோட்டோகிராஸ் பந்தயக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், தோட்டத்துத் தடத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியாது. பழைய கேடிஎம் 250, 300 வண்டிகளில் பவர் வால்வுக்கு மூன்று நிற ஸ்பிரிங் வரும்: பச்சை போட்டால் சாது, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு முரடு. ஒரு பட்டறை மாலையில் ஒரே வண்டியை மூன்று குணத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பவர் டெலிவரி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

ஆர்எக்ஸ்-இசட் போர்ட்டிங் கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். எக்ஸோஸ் போர்ட்டை மேலே ராவினால் உச்சம் உயரும், உண்மை. ஆனால் அந்த வண்டியில் பவர் வால்வ் இல்லை. உயர்த்திய வாசலைக் கீழே மூட ஆள் கிடையாது. பந்தய 125-இன் செத்த கீழ்ப்பகுதி உங்களுக்குக் கிடைக்கும், அதன் 35 குதிரையும் 95 கிலோவும் கிடைக்காது. சஸ்பென்ஷன் தெருவுக்கானது, முதல் குதியிலேயே அடி தட்டும். ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. இப்போது கெடாமல் இருக்கும் ஆர்எக்ஸ்-இசட்டுகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகின்றன. அப்பாவின் வண்டியை அப்படியே விடுங்கள்.

எதை வாங்கலாம்? ஃபோர் ஸ்ட்ரோக் அலை அடித்து, ஹோண்டா 2007-க்குப் பிறகு சிஆர் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை நிறுத்திவிட்டதால், உதிரிப்பாகம் தடையின்றிக் கிடைக்க வேண்டுமென்றால் யமஹா அல்லது கேடிஎம் என்று முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது ஒய்இசட் 125-தான். நீங்கள் வேலியில் போய் நின்றதால் அதை வேண்டாம் என்று வைத்திருப்பீர்கள். அந்த வேலிதான் காரணம். ஆர்எக்ஸ்-இசட்டில் பழகிய கை இன்ஜின் சுருதியைக் கேட்டு ஓட்டுவதில்லை, ஆக்சிலேட்டரைத் திருப்பிவிட்டுக் காத்திருக்கிறது. 125 அந்தப் பழக்கத்தை மாற்றும்: வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, கிளட்ச்சை ஒரு விரலால் லேசாக நழுவவிட்டு, இன்ஜினைப் பவர்பேண்டுக்குள் தூக்கி வைத்துக்கொள்வது. 50 பல் ஸ்பிராக்கெட், சுத்தம் செய்த பவர் வால்வ், சரியான ஜெட் மூன்றும் இருந்தால் அந்த உதை பாதி அடங்கும். ஒருவேளை உங்கள் எடை 85 கிலோவுக்கு மேல் என்றால், அல்லது வருடம் முழுக்க மழையிலும் ஓட்டுவேன் என்றால், நான் மனதை மாற்றிக்கொண்டு எடை கூட்டிய ஃபிளைவீலோடு 250 என்பேன். ஒய்இசட் 250 எக்ஸ் என்று 2016 முதல் வரும் காட்டுத்தட வகை கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம். அமுக்கம் குறைத்து, கியர் இடைவெளி அகலமாக்கி, பின்சக்கரம் 18 அங்குலமாக வைத்த வண்டி அது.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். மோட்டோகிராஸ் வண்டிக்கு விளக்கு இல்லை, எண் பலகை இல்லை, ரோட்டேக்ஸ் எடுக்க முடியாது. தோட்டத்துக்குப் போகும் பத்து நிமிடத் தார்ச்சாலையானாலும் லாரியில்தான் போக வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பிடித்தால் பேச்சே கிடையாது. இரண்டாவது, ஆர்எக்ஸ்-இசட்டில் டூ டி எண்ணெய்க்குத் தனி டாங்கி, பம்ப் தானாகக் கலந்துகொள்ளும். மோட்டோகிராஸ் வண்டியில் அந்த டாங்கியும் இல்லை, பம்பும் இல்லை. நேரே பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிவிட்டு ஓட்டினால் முதல் சுற்று முடிவதற்குள் பிஸ்டன் போய்விடும். கேனில் முன்கூட்டியே கலந்து எடுத்துப் போங்கள். யமஹாவின் கையேடு சொல்வது 30-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 167 மில்லி எண்ணெய். கேடிஎம் வாங்கினால் அளவு வேறு, அதன் கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். கலந்த கேனுக்கு மேல் பெயிண்டில் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு யாராவது அதை எடுத்துவிடப் போகிறார்கள்.